நாற்பத்து மூன்றாம் பக்கம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸை வீடாக மாற்றும் யோசனை என்னுடையது இல்லை. முப்பத்து நான்கு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்சாக நின்றே கால் வீங்கிப்போனவள் நான். ஓய்வு பெற்றபின் எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு நாற்காலி. என் வீட்டுக்காரர் நாற்பது நாற்காலி உள்ள பஸ் ஒன்றை வாங்கிவந்து, அதில் முப்பத்தெட்டைக் கழற்றிப் போட்டார்.

அவர் ஓர் அலுவலகத்தில் ஆவண அறையைக் கவனித்துக்கொண்டிருந்தவர். எந்தத் தாள் தேவை, எந்தத் தாள் தேவையில்லை என்று பிரிப்பதுதான் வேலை. தேவையில்லாததைக் கழிப்பார், கழித்ததை எறியமாட்டார். நாலாய் எட்டாய் மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அண்டை கொடுத்துவிடுவார். எங்கள் பழைய வீட்டில் காகிதத்தை மிதிக்காமல் நின்ற மேசையோ பீரோவோ கிடையாது. கேட்டால், "தேவையில்லாத பேப்பர்னு உலகத்துல எதுவும் இல்லை, மடிச்சா எல்லாம் உதவும்" என்பார்.

பஸ் நகரத்துக்குள் ஓடிக் களைத்து, ஏலத்துக்கு வந்த கிழம். எஞ்சின் பின்பக்கம். கியர் ஆட்டோமேட்டிக், கம்பி கிடையாது, டிரைவர் பக்கத்தில் மூன்று பொத்தான்கள். முன்னே போக ஒன்று, பின்னே போக ஒன்று, சும்மா நிற்க ஒன்று. இரண்டு வருடம் காலியான ஒரு கிடங்கில் நிறுத்தி அதை அறுத்தார், ஒட்டினார், சாயம் பூசினார். டிரைவருக்குப் பின்னால் சமையல் மேடை. நடுவில் மேசை. கடைசியில் கட்டில். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பின்கதவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தைப் பிளைவுட் பலகையால் மூடி, இளநீலத்தில் வர்ணம் அடித்தார். "பயணிகளா ஏறப்போறாங்க? எதுக்கு ரெண்டு கதவு?" என்றார். நியாயம்தான் என்று நானும் தலையை ஆட்டினேன்.

அதோடு விட்டாரா? கதவைக் கழற்றிய கையோடு, வண்டியோடு வந்த பழுதுபார்ப்புப் புத்தகத்தையும் உட்கார்ந்து கழித்தார். டிக்கெட் மிஷின் பற்றிய பக்கங்கள், மணி அடிக்கிற கயிறு பற்றிய பக்கங்கள், நமக்கு வேண்டாதது எல்லாம் கிழிக்கப்பட்டன. தலையணை மாதிரி இருந்த புத்தகம் கைக்குட்டை மாதிரி ஆயிற்று.

பிறகு லேபிள் ஒட்ட ஆரம்பித்தார். கரண்டி – 1, கரண்டி – 2. மருந்து. மனைவியின் கண்ணாடி. கட்டிலுக்கும் அந்த நீலப் பலகைக்கும் நடுவே ஓர் இடுக்கு. அதன் மேல் 'பெட்டி – 1' என்று எழுதியிருந்தது. என் பெரிய பெட்டிக்கு உலகத்திலேயே அது ஒன்றுதான் இடமாம். அளவெடுத்துச் செய்தேன் என்று பெருமை வேறு. பெட்டி அதில் பாதி போய் நின்றுவிடும். மீதியை நான் இடுப்பால் ஓர் இடி இடித்துத் தள்ளவேண்டும்.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் என் மகள்.

அவளுக்குத் தலைப்பிரசவம். இரண்டு நாள் ஓட்டினால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறாள். ஒற்றை அறை வீடு. அதில் அவள், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தறி அளவு தையல் மிஷின். நான் போய்த் தங்கினால் மூவரும் நின்றுகொண்டுதான் தூங்கவேண்டும். ஆனால் வீட்டுக்குப் பின்னால் காலி மனை இருக்கிறது. பஸ்ஸைக் கொண்டுபோய் அங்கே நிறுத்திவிட்டால் மூன்று மாதம் கூட இருந்து பார்த்துக்கொள்ளலாம். இதுதான் ஏற்பாடு.

போனில் அவள் கேட்ட ஒரு கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

"இந்தத் தடவையாவது வந்துருவியாம்மா?"

அந்த 'இந்தத் தடவையாவது' எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பதினொரு வயதில் அவளுக்குக் குடல்வால் ஆபரேஷன். என் ஆஸ்பத்திரியில்தான், இரண்டாம் மாடியில். நான் நான்காம் மாடியில் டியூட்டியில் இருந்தேன். அன்றைக்கென்று பெரிய விபத்து. கட்டிலுக்கு இரண்டு பேராக வந்து விழுந்தார்கள். இறங்கிப் போக முடியவில்லை. நோயாளிப் பதிவேட்டில் 'உடனிருப்பவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பக்கத்து வீட்டு அத்தையின் பெயர் இருந்தது. ஆயிரக்கணக்கான முறை அந்தக் கட்டத்தில் அடுத்தவர்களின் அம்மாக்களை எழுதிய கை இது. என் மகளுக்கு என் பெயரை எழுத முடியவில்லை. அவள் அதைக் குத்திக்காட்டியதே இல்லை, அதுதான் குத்துகிறது.

"வந்துருவேன்டி கண்ணு. வீட்டோட வர்றேன்" என்றேன்.

மருத்துவர் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை எல்லாவற்றையும் ஏற்றி, பெட்டியை இடுப்பால் இடித்துச் செருகி, முன்னால் வந்து உட்கார்ந்தேன். அவர் மாலுமி மாதிரி தொப்பி போட்டுக்கொண்டு எஞ்சினை முடுக்கி, முன்னே போகிற பொத்தானை அழுத்தினார். பொத்தானில் விளக்கு மினுக்கியது. எஞ்சின் உறுமியது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. மறுபடி அழுத்தினார். மறுபடி உறுமல். கியர் விழவில்லை.

"சூடாகட்டும்" என்றார். சூடானது அவர் முகம்தான்.

புத்தகத்தை எடுத்தார். 'கியர் விழவில்லை எனில் 43ஆம் பக்கம் காண்க' என்று இருந்தது. புரட்டினார். 42 இருந்தது, அடுத்து 45 இருந்தது, 43 இல்லை.

"வாங்கும்போதே இருந்திருக்காது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அச்சுப் பிழையா இருக்கும். 34னு போடறதுக்கு மாத்திப் போட்டுட்டான்" என்று தானே தீர்ப்பும் சொன்னார். 34ஆம் பக்கம் கியர் ஆயிலைப் பற்றியது. ஆக, ஆயில்தான் கோளாறு என்று முடிவாயிற்று.

முதலில் வந்த மெக்கானிக்குக்கு நான் மனதுக்குள் வைத்த பெயர் மூக்கர். ஆயில் அளக்கிற குச்சியை உருவினார், முகர்ந்தார், கண்ணை மூடினார், இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தார். குழம்பில் உப்புப் பார்க்கிறவர் கூட இவ்வளவு நேரம் எடுக்கமாட்டார்.

"கருகின வாசனை வருது சார். உள்ளே பிளேட்டு தேஞ்சிருக்கு."

"எப்பெப்போ கியர் விழுது, எப்பெப்போ விழலைன்னு கேக்கமாட்டீங்களா?" என்றேன் நான்.

"அதெல்லாம் வாசனையிலயே தெரிஞ்சிடும்க்கா."

நாடி பிடிக்காமல் மருந்து எழுதுகிற பெரிய டாக்டர்கள் சிலரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். அவர்கள் கூட நோயாளியை முகர்ந்து பார்த்ததில்லை.

கியர்பாக்ஸ் இருப்பது எங்கள் கட்டிலுக்கு நேர் கீழே. அதன் மூடியைத் திறக்கவேண்டுமானால் பெட்டியை எடுத்து, மெத்தையைச் சுருட்டி, கட்டிலை நிமிர்த்தவேண்டும். எல்லாவற்றையும் இறக்கிக் கிடங்குத் தரையில் பரப்பினோம். மூக்கர் ஆயிலை மாற்றினார், வடிகட்டியை மாற்றினார். நான்கு நாள் ஆயிற்று. பிறகு பொத்தானை அழுத்தினால், விழுந்ததே கியர்! வண்டி ஜம்மென்று கிடங்கை இரண்டு சுற்றுச் சுற்றியது. என் வீட்டுக்காரர் மூக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மூக்கர் தன் மூக்கைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் சாமான்களை ஏற்றினோம். பெட்டியை இடித்துச் செருகினேன். பொத்தானை அழுத்தினார். உறுமல். மினுக்கல். நின்ற இடம்.

அப்போதுதான் நான் ஒரு நோட்டை எடுத்தேன். பழக்கதோஷம், காய்ச்சல்காரனுக்குக் கூட அட்டை எழுதாமல் எனக்குக் கை சும்மா இருக்காது. நேரம், சூடு, ஆயில் அளவு, சத்தம், கியர் விழுந்ததா என்று கோடு போட்டேன். நோயாளி அட்டையில் 'உள்ளே போனது' என்று ஒரு கட்டம் இருக்கும். என்ன குடித்தார், என்ன சாப்பிட்டார் என்று எழுத. அதையும் விடாமல் போட்டேன்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பஸ்ஸு என்ன கஞ்சியா குடிக்குது, சிஸ்டரம்மா?"

"நீங்க சிரிங்க. நான் எழுதறேன்."

இதற்குள் அவர் போனில் இருக்கும் 'பழைய பஸ் பிரியர்கள்' குழுவுக்குச் செய்தி போய்விட்டது. சொந்தமாய்ப் பஸ் வைத்திருப்பவர்கள் அதில் பத்துப் பேர் தேறமாட்டார்கள். ஆலோசனை வைத்திருப்பவர்கள் இருநூறு பேர். ஆயில் அதிகம் என்றார் ஒருவர், குறைவு என்றார் இன்னொருவர். வால்வில் அடைப்பு, பேட்டரியில் சோர்வு, ஒயரை எலி கடித்திருக்கும் என்று மழையாய்ப் பொழிந்தார்கள். ஒருவர் தன் பஸ்ஸின் படத்தைப் போட்டு, 'என்னுடையது நன்றாக ஓடுகிறது' என்று மட்டும் எழுதியிருந்தார். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே ஒரு வண்டி நின்றால் இருநூறு பேருக்குக் கொண்டாட்டம்.

அந்தக் குழு அனுப்பியவர்தான் இரண்டாவது மெக்கானிக். கையில் சின்னக் கணினிப் பெட்டி ஒன்றை வைத்திருந்ததால் இவருக்கு நான் வைத்த பெயர் பெட்டிக்காரர். அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை, திரையைத்தான் பார்த்தார். அவருடைய பெட்டியின் ஒயர் எங்கள் பஸ்ஸின் எந்த ஓட்டையிலும் நுழையவில்லை.

"வண்டி ரொம்பப் பழசு மேடம். என் மிஷினோட பேசமாட்டேங்குது."

"எங்க வீட்டுலயும் சில பேர் அப்படித்தான்" என்றேன், என் வீட்டுக்காரரைப் பார்த்து.

இரண்டு நாள் கழித்து, எங்கிருந்தோ இணைப்பு ஒன்றை வாங்கிவந்து மாட்டினார். திரையில் எண்ணாய்க் கொட்டியது. கியர்பாக்ஸுக்குக் கட்டளை போகிற ஒயரில் தொடர்பு விட்டு விட்டு வருகிறது என்றார். மறுபடி என் பெட்டி இறங்கியது, மெத்தை சுருண்டது, கட்டில் நிமிர்ந்தது. ஒயர்களைச் சுரண்டினார், ஒரு சென்சரை மாற்றினார். கியர் விழுந்தது. வெளியே சாலையில் கூட ஒரு நடை போய்வந்தோம். இந்த முறை என் வீட்டுக்காரர் பெட்டிக்காரரைக் கட்டிப்பிடித்தார்.

மறுநாள் ஏற்றினோம். இடித்தேன். அழுத்தினார். பழையபடி உறுமல்.

மகள் போனில், "எதுவரைக்கும் வந்திருக்கீங்க?" என்றாள். "கிடங்கு வரைக்கும்" என்று உண்மையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும், "சரிம்மா" என்று போனை வைத்துவிட்டாள். அந்த 'சரிம்மா' எனக்கு ஆகவில்லை.

தேதிக்கு இன்னும் பதினொரு நாள்தான். என் வீட்டுக்காரரும் குழுவும் கூடி வாக்கெடுப்பு நடத்தினார்கள். கியர்பாக்ஸை மொத்தமாய் இறக்குவதா வேண்டாமா? நாற்பத்தொரு பேர் இறக்கு என்றார்கள். வேண்டாம் என்றவர் ஒருவர். அவரும் கை தவறிப் போட்டுவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். எதிரிகளான மூக்கரும் பெட்டிக்காரரும் கூட இதில் ஒன்றாய்ச் சேர்ந்துகொண்டார்கள். வெள்ளிக்கிழமை காலை ஜாக்கி, சங்கிலி எல்லாம் கொண்டுவருவதாய் ஏற்பாடு.

"இறக்கி ஏத்த எத்தனை நாள்?" என்று கேட்டேன்.

"குறைஞ்சது ரெண்டு வாரம்க்கா" என்றார் மூக்கர்.

எனக்கு உச்சி கொதித்தது. "ஆபரேஷன் பண்றதுக்கு முன்னாடி நோய் என்னன்னு யாராவது சொல்லுங்களேன்! வாசனைன்னீங்க, ஒயர்னீங்க, இப்போ வெட்டணும்ங்கறீங்க. ஓட்டுப் போட்டு வயித்தைக் கிழிக்கிற ஆஸ்பத்திரியை நான் எங்கயும் பாத்ததில்லை!"

"உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டிக்காக இல்லை.

"எனக்கு வண்டி வேணாம். என் பொண்ணு பெத்துக்கறப்ப நான் அங்க இருக்கணும். வெள்ளிக்கிழமை ரயில்ல போறேன். தரையில படுத்துக்கறேன், நின்னுக்கிட்டே தூங்கறேன். நீங்க உங்க வண்டியைக் கட்டிக்கிட்டு இங்கயே இருங்க."

வெள்ளிக்கிழமை காலை பெட்டியை இடுக்கிலிருந்து உருவினேன். "டாக்சி கூப்பிடவா?" என்று பின்னாலேயே வந்தார். "நீங்க யாரையும் கூப்பிட வேணாம். நீங்க கூப்பிட்டு வந்தவங்க போதும்" என்று சொல்லிவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தேன். எதிரே மூக்கர் சங்கிலியோடு வந்தார். வழி விடாமல் நடந்தேன்.

ரயில் நிலையத்துக்குப் போகும் டவுன் பஸ் வந்தது. கூட்டம். பின்கதவு வழியாய் நான் ஏறிவிட்டேன். பெட்டி படியில் நின்றுவிட்டது. டிரைவர் பொத்தானை அழுத்துவது தெரிந்தது. எஞ்சின் உறுமியது. வண்டி நகரவில்லை. மறுபடி உறுமல்.

"எடுப்பா!" என்று யாரோ கத்தினார்கள்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கத்தினார். "எங்க எடுக்கறது? அம்மா, அந்தப் பெட்டியை உள்ள இழுங்க! பின்கதவு மூடாம வண்டி கியர் எடுக்காது!"

பெட்டியை இழுத்தேன். கதவு புஸ்ஸென்று மூடியது. வண்டி கிளம்பியது. நான் கம்பியைப் பிடிக்க மறந்து நின்றேன்.

அந்த உறுமலை எனக்குத் தெரியும். பத்துப் பதினைந்து நாளாய் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கியர் விழவில்லை என்ற ஒவ்வொரு வரியிலும், 'உள்ளே போனது' என்ற கட்டத்தில், என் கையெழுத்தில், 'பெட்டி' என்று இருந்தது. கியர் விழுந்த நாட்களில் பெட்டி தரையில் இருந்தது. வண்டி ஓடியது ஆயில் மாற்றியதால் இல்லை. ஒயரைச் சுரண்டியதாலும் இல்லை. மூடியைத் திறக்கப் பெட்டியை எடுத்தோமே, அதனால் ஓடியது! ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். நோயைத் தினமும் இடுப்பால் இடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தவள் நான்.

ரயில் நிலையத்தில் இறங்கியதும் போன் போட்டேன்.

"கியர்பாக்ஸைத் தொட்டாச்சா?"

"ஜாக்கி வெச்சுக்கிட்டிருக்காங்க. ஏன்?"

"எல்லாரையும் கையை எடுக்கச் சொல்லுங்க. பின்கதவைப் பாருங்க."

"பின்கதவா? நமக்குத்தான் பின்கதவே இல்லையே! நான்தான் எடுத்துட்டேனே!"

"நீங்க எடுத்தது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். வண்டிகிட்ட யாராவது சொன்னீங்களா? கதவு திறந்திருக்கு, யாரோ இறங்கறாங்கன்னு நினைச்சுக்கிட்டு அது நிக்குது. அந்த நீலப் பலகையைக் கழட்டுங்க."

"இவ்வளவு அழகா வர்ணம் அடிச்சு..."

"கழட்டுங்கன்னேன்!"

வார்டுக் குரல். அந்தக் குரலுக்குப் பெரிய டாக்டர்களே இரண்டடி தள்ளி நிற்பார்கள். திருகாணி கழல்கிற சத்தம் கேட்டது. பலகை விழுகிற சத்தம்.

"என்ன இருக்கு?"

"ஒரு சுவிட்சு இருக்கு. கதவு மூடினா அமுங்குற மாதிரி. கதவை எடுத்தப்போ அது அமுங்கியே இருக்கணும்னு நான் ஏதோ மடிச்சு அண்டை கொடுத்திருக்கேன்... மறந்தே போச்சு. உன் பெட்டி இடிச்சா பலகை நடுவுல வளைஞ்சு ஓரம் தூக்குது, அண்டை தளருது. பெட்டியை எடுத்தா ஓரம் திரும்பி வந்து அண்டையை அழுத்துது."

"சரி. என்ன மடிச்சு வெச்சிருக்கீங்க?"

காகிதம் பிரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏங்க?"

"நாப்பத்தி மூணு" என்றார், ரொம்பச் சின்னக் குரலில்.

"படிங்க."

"வேணாம் விடு."

"சத்தமா படிங்க. அந்த ரெண்டு பேருக்கும் கேக்கணும்."

படித்தார். பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கவைத்த பையன் மாதிரி. "கியர் விழவில்லை எனில், கியர்பாக்ஸைத் தொடுவதற்கு முன், பின்கதவுச் சுவிட்சைச் சரிபார்க்கவும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "தலைப்புல கதவுகள்னு போட்டிருந்துச்சு. கதவுதான் இல்லையேன்னு கிழிச்சேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. ரயில் நிலைய வாசலில், பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்கும்படி சிரித்தேன். ஆப்பசைத்த குரங்கைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆப்பு வைத்துவிட்டு மறந்துபோன மனுஷனுக்கு இனிமேல்தான் யாராவது கதை எழுதவேண்டும். அவரும் சிரித்தார், பாவம். அந்தப் பக்கம் எஞ்சின் முடுக்குகிற சத்தம் கேட்டது. கியர் விழுந்தது என்று மூக்கர் கத்தினார்.

"நீ அங்கயே இரு! அரை மணியில வந்து ஏத்திக்கறேன். ரெண்டு நாள்ல போயிரலாம்!"

ரயிலுக்கு இருபது நிமிடம் இருந்தது. பொய் சொல்லமாட்டேன், எனக்கு ஆசை வந்தது. அந்த இரண்டு பேர் முகத்தையும் ஒரு தடவை நேரில் பார்க்கவேண்டும். முன்னால் உட்கார்ந்து, நானே கண்டுபிடித்த வண்டியில், ராணி மாதிரி மகள் வீட்டில் போய் இறங்கவேண்டும். இதோ இந்த வேலையை மட்டும் முடித்துவிட்டு, இந்த ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு. வாழ்நாள் முழுக்க இப்படித்தான் நான் நான்காம் மாடியிலேயே நின்றுவிட்டேன்.

"நீங்க வண்டியைக் கொண்டுவாங்க. நான் முன்னாடி போறேன்" என்று சொல்லிவிட்டு நடைமேடைக்குப் போனேன்.

அவர் வந்து சேர்ந்த கதையை முதலில் முடித்துவிடுகிறேன். வழியில் ஒரு தொந்தரவும் இல்லை. நாற்பத்து மூன்றாம் பக்கத்துக்குக் கண்ணாடித்தாள் உறை போட்டு, டிரைவர் இருக்கைக்கு எதிரே ஒட்டியிருந்தார். கிளம்புவதற்கு முன்னாலேயே குழுவில் நீண்ட கட்டுரை எழுதிவிட்டார்: 'ஆட்டோமேட்டிக் கியர்க் கோளாறை நான் கண்டறிந்த விதம்'. என் பெட்டி அதில் வருகிறது, நான் வரவில்லை. இறக்கு என்று வாக்களித்த நாற்பத்தொரு பேரும், தங்களுக்கு முதலிலிருந்தே பின்கதவு மேல்தான் சந்தேகம் என்று எழுதியிருந்தார்கள். யாரோ ஒருவர், 'என் வண்டியிலும் கியர் விழவில்லை, என்ன செய்யலாம்?' என்று கேட்க, என் வீட்டுக்காரர் பதில் போட்டிருந்தார்: 'இறக்கிடுங்க.'

நான் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை காலை. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள், என் பின்னால் பார்த்தாள். "வீடு எங்கம்மா?" என்றாள். "வருது பின்னாடி" என்றேன். நான் கொண்டுபோன பழைய மெத்தென்ற துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அவள் மடித்துக்கொண்டிருந்தாள். மடித்தபடியே முகம் மாறியது. ஒன்பது நாள் முன்னதாகவே வலி எடுத்துவிட்டது. அந்த முகத்தை ஆயிரம் பேரிடம் பார்த்திருக்கிறேன். என் பெண்ணிடம் பார்த்ததும், வலிக்கு மணி பார்க்கக்கூட மறந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில், பிரசவ அறை வாசலில், ஒரு நர்சுப் பெண் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். என் பழைய பதிவேடு மாதிரியேதான், அதே கட்டங்கள். பெயர், வயது, எத்தனையாவது பிரசவம். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள். என் கையை விடவில்லை. நகம் பதிந்தது.

"உடனிருப்பவர்?" என்றாள் அந்தப் பெண், தலை நிமிராமல்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அதற்குள் மகள் சொல்லிவிட்டாள்.

"எங்கம்மா."

எழுதினாள். சரியாக எழுதுகிறாளா என்று நான் எட்டிப் பார்த்தேன். மதியம் மூன்று மணி பத்து நிமிடத்துக்குப் பேத்தி பிறந்தாள். இரண்டு கிலோ எண்ணூறு கிராம்.